தேயிலைச் செடிக்கடியில் துரும்பன் பூனைக் குட்டி: கொழுந்து மலையில் வரிசை தவறாமல் செய்ய வேண்டியவை

கொழுந்து எடுக்கும்போதும் கவ்வாத்து வெட்டும்போதும் (செடியைக் கத்தரித்துவிடும்போதும்) செடிக்கடியில் காட்டுப் பூனைக் குட்டிகள் அகப்படுவது மலையகத் தோட்டங்களில் நடக்கிற காரியம். இந்த வழிகாட்டி அவற்றுள் மிகச் சிறியதான துரும்பன் பூனையைப் பற்றியது. சிங்களத்தில் இதைக் கொல திவியா என்பார்கள். உலகிலுள்ள காட்டுப் பூனைகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. வளர்ந்த பூனையே ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளுக்கு வெளியே இது இல்லை.

இந்தக் குட்டிகளுக்கு நேரும் கேடு பெரும்பாலும் இரக்கத்தால் நேர்வது. தூக்குகிறார்கள், பால் ஊற்றுகிறார்கள், லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்புக்கு) கொண்டுபோகிறார்கள், கடைசியில்தான் யாரையாவது அழைக்கிறார்கள். வரிசை தலைகீழாகிவிடுகிறது. தாய் பக்கத்தில் எங்கோ படுத்திருக்கிறாள், இருட்டியதும் வருவாள் என்ற ஒரே எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைச் செய்யுங்கள்.

1. முன்கூட்டியே டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) இருக்க வேண்டியவை

குட்டி அகப்பட்ட பிறகு பெட்டி தேடி ஓடுவதில் அரை நாள் போய்விடும். ஆகவே கொழுந்து மடுவத்திலோ (கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலோ) கணக்கப்பிள்ளையின் அறையிலோ ஒரு சாக்குப் பையில் இவற்றைப் போட்டு வையுங்கள்: ஒரு சாண் ஆழமுள்ள, மேலே திறந்த பிளாஸ்டிக் கூடை அல்லது கெட்டியான அட்டைப் பெட்டி, பழைய பருத்தித் துணி இரண்டு மூன்று, தடித்த தோல் கையுறை ஒரு சோடி, மூடி இறுகும் ஒரு லீட்டர் போத்தல், சவர்க்காரம், பேனாவும் கொப்பியும்.

சவர்க்காரத் தூள், மருந்து, உரம் வந்த பெட்டிகள் வேண்டாம். அந்த நெடி போகாது. கூடையைக் கழுவினாலும் வெறும் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள்.

பொருள்களைவிட முக்கியம் ஆள். ஒவ்வொரு டிவிஷனிலும் ஒருவர் இதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். கங்காணியாக இருக்கலாம், கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவராகவும் இருக்கலாம். பத்துப் பேர் பத்து யோசனை சொல்லும் இடத்தில் குட்டி கை மாறிக்கொண்டே இருக்கும். அவருடைய கைப்பேசியில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசர எண்ணும், மிக அருகிலுள்ள வனஜீவராசிகள் அலுவலகத்தின் எண்ணும், தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரின் எண்ணும் பதிவாகியிருக்கட்டும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு நிமிடம் எடுத்து, "குட்டி கண்டால் தொடாதீர்கள், இன்னாரைக் கூப்பிடுங்கள்" என்று மாதம் ஒருமுறை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. கையை எடுங்கள், நிரையை நிறுத்துங்கள்

குட்டியைக் கண்டவர் கையை எடுத்துக்கொண்டு, வந்த வழியே பின்னால் நகர வேண்டும். செடிகளை விலக்கிக்கொண்டு முன்னால் போகக்கூடாது. கண் திறக்காத இன்னொரு குட்டி அடுத்த செடியின் தூரில் கிடக்கலாம். துரும்பன் பூனை ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று குட்டிகள் வரை போடும்.

மேலும் கீழும் பக்கத்து நிரைகளில் நிற்பவர்களையும் நகர்த்திவிடுங்கள். சுற்றிலும் இருபது மீற்றர் காலியானால் நல்லது. எடுக்க வேண்டிய கொழுந்து மலையின் வேறு பக்கத்தில் இருக்கிறது; அன்றைய நிறை குறையாதபடி கங்காணி ஆட்களை மாற்றிவிடலாம். இதை அவர் முன்னின்று செய்யாவிட்டால், கூலி குறைந்துவிடும் என்ற கவலையில் யாரும் நிரையை விட்டு நகரமாட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது.

அடுத்த நொடியே நாய்களைப் பாருங்கள். தொழிலாளர்களோடு மலைக்கு வரும் நாய்களே பெரிய ஆபத்து. குட்டிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் பதுங்கியிருக்கும் தாய்க்கும். நாய்களைப் பிடித்து லயத்துக்கு அனுப்பிய பிறகுதான் மற்ற எல்லாம்.

3. தொடாமல் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்

பொறுப்பாளர் மட்டும் ஒருமுறை கிட்டப் போய்ப் பார்க்கட்டும். பளிச்சென்று வெளிச்சம் அடிக்காமல் இரண்டு மூன்று படங்கள் எடுத்தால் போதும்: முகம், முதுகு, வால். அளவு தெரிவதற்காகத் தேயிலை இலையும் படத்தில் விழட்டும்.

கொப்பியில் எழுத வேண்டியவை: நேரம், மலையின் (தேயிலைக் களத்தின்) எண், பாதையிலிருந்து அல்லது கானிலிருந்து (வடிகாலிலிருந்து) எத்தனையாவது நிரை, எத்தனை குட்டிகள், கண் திறந்திருக்கிறதா, உடல் நனைந்திருக்கிறதா. செடியின் மேல் ஒரு துணித் துண்டைக் கட்டுங்கள். மாலையில் மூடுபனி இறங்கிய பிறகு எல்லா நிரையும் ஒரே மாதிரித்தான் தெரியும். இடம் தெரியாமல் தேடி மிதித்துக்கொண்டு நடப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை.

4. எந்தக் குட்டி என்று அறிவது

அடுத்த எல்லா முடிவும் இதைப் பொறுத்தது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான். புள்ளி இருந்தால் சிறுத்தை, இல்லாவிட்டால் வீட்டுப் பூனை என்று இரண்டே பெட்டிகளில் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள்.

முதலில் சிறுத்தையா என்று பாருங்கள். பிறந்த சிறுத்தைக் குட்டியே அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். உரோமம் அடர்ந்து கம்பளி போலிருக்கும், சாம்பல் பாய்ந்திருக்கும், புள்ளிகள் நெருங்கிக் கலங்கலாகத் தெரியும். பாதங்கள் உடலுக்குப் பொருந்தாத அளவு பெரியவை. இந்த அடையாளங்கள் இருந்தால், அல்லது ஐயம் வந்தாலே, இங்கேயே நிறுத்துங்கள். எல்லாரும் கூட்டமாக, பேசிக்கொண்டு, ஓடாமல் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். 1992க்கு அழைத்து, திணைக்கள அதிகாரிகள் வரும்வரை அந்த மலையில் யாரும் கால் வைக்கக்கூடாது. தாய்ச் சிறுத்தை சில மீற்றர் தூரத்தில் இருக்கலாம். இந்த வழிகாட்டியில் இனி வரும் படிகள் சிறுத்தைக்குப் பொருந்தா.

துரும்பன் பூனைக் குட்டி உள்ளங்கையில் அடங்கும். பிறக்கும்போது 60 முதல் 77 கிராம் வரைதான். வீட்டுப் பூனைக் குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் என்பதால், கண் திறக்காத நிலையில் இது வீட்டுக் குட்டியைவிடத் தெளிவாகச் சிறியது. முதுகில் புள்ளிகள் நீளவாக்கில் வரிசை வரிசையாக ஓடும். குட்டியில் அவை கறுப்பாக இருக்கும். துரு நிறம் பின்னால்தான் ஏறும். ஆகவே "துரு நிறம் இல்லையே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். தலையில் கண்களுக்கு மேலிருந்து பிடரி நோக்கிக் கருங்கோடுகள் போகும். மூக்கின் இரு பக்கமும் கண்ணின் உள்ளோரமாக மேலேறும் வெள்ளைக் கோடுகள் இருக்கும். காது சிறியது, நுனி வட்டமானது. வயிறு வெண்மை, அதில் பெரிய கரும்புள்ளிகள்.

மீன்பிடிப் பூனை, சிங்களத்தில் ஹந்துன் திவியா, மலையகத்திலும் ஓடைக்கரைகளில் வாழ்கிறது. அதன் குட்டி இதைவிடப் பெரியது, கட்டையானது. காதின் பின்புறம் கறுத்து நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியும். வால் தடித்துக் குட்டையாக இருக்கும். கீழே வரும் படிகள் அதற்கும் பெரிதும் பொருந்தும். ஆனால் தாய் வலிமையான விலங்கு, வளர்ந்தது பத்துக் கிலோவையும் தாண்டும், எனவே இன்னும் தள்ளி நில்லுங்கள்.

வீட்டுப் பூனையின் வரிக் குட்டிதான் அதிகம் குழப்புவது. அதற்கு விலாவில் வரிகள் மேலிருந்து கீழாக இறங்கும். துரும்பனுக்குப் புள்ளிகள் தலையிலிருந்து வால் பக்கமாகப் போகும். மரநாய்க் குட்டிக்கு மூஞ்சி நீண்டிருக்கும், வாலும் உடலுக்கு ஈடாக நீளும். ஒருமுறை பார்த்தவர் பிறகு குழம்பமாட்டார். பொன்னிற மரநாய் இலங்கையில் மட்டுமே உள்ளது என்பதால் அதன் குட்டியையும் இதே கவனத்தோடு நடத்துங்கள்.

இவ்வளவு உயரத்தில் துரும்பன் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியில் 2000 மீற்றருக்கு மேலேயே பதிவாகியிருக்கிறது. நுவரெலியாவோ ஹப்புத்தளையோ அதற்கு உயரமில்லை.

5. உடனே அழையுங்கள்

இந்தப் படி குட்டியைத் தொடுவதற்கு முன்னால் வருகிறது. நகர்த்திய பிறகு அழைத்தால், எங்கே கிடந்தது, எந்த நிலையில் கிடந்தது என்பதை அதிகாரியால் பார்க்க முடியாது.

அழைக்கும்போது "பூனைக்குட்டி கிடக்கிறது" என்று மட்டும் சொன்னால் மறுமுனையில் அதற்கு அவசரம் தெரியாது. மாவட்டம், தோட்டம், டிவிஷன், மலையின் எண், குட்டிகளின் எண்ணிக்கை, நீங்கள் கண்ட அடையாளங்கள், காயம் உண்டா இல்லையா என்று வரிசையாகச் சொல்லுங்கள். படங்களை அனுப்பலாமா என்று கேளுங்கள். அழைப்பை எடுத்தவரின் பெயரையும் நேரத்தையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அழைக்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

மொழி தடையாக இருக்கும் என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவரைப் பொறுப்பாளரோடு முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். வீட்டில் வளர்ப்பதற்காக எடுத்துப்போவது குற்றம் என்பதையும் அந்த இடத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட விலங்கு.

6. உதவி தேவையா என்று முடிவு செய்வது

தனியாகக் கிடக்கும் குட்டி பெரும்பாலும் அநாதை அல்ல. பகலில் ஆள் நடமாட்டம் இருக்கும்போது தாய் குட்டிகளை விட்டு விலகி மறைந்திருப்பாள். எலி, தவளை, ஓணான், சிறு பறவை என்று இரவில்தான் பெரும்பாலும் வேட்டை.

வயிறு உருண்டு, உடல் உலர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும் குட்டிகளுக்கு உங்கள் உதவி எதுவும் தேவையில்லை. மலையைக் காலி செய்வதே உதவி. அவ்வப்போது கத்துவதும் இயல்பு. அதைக் கேட்டுப் பதறிப்போய்த் தூக்குகிறவர்களே அதிகம்.

உண்மையாகவே அவசரம் என்றால் அடையாளங்கள் வேறு: உடல் குளிர்ந்து அசைவு குறைந்திருப்பது, இரத்தம், ஈ மொய்ப்பது, புழு, எறும்பு ஏறியிருப்பது, பக்கத்தில் தாய் செத்துக் கிடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மறுபடி அழைத்து, கால்நடை வைத்தியரிடம் சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அப்படியே சுற்றுப்புறத்தையும் கண்ணால் அலசுங்கள். பன்றிக்கோ முள்ளம்பன்றிக்கோ மரக்கறித் தோட்ட ஓரத்தில் போட்ட சுருக்குக் கம்பி இருந்தால் தாய் அதில் மாட்டியிருக்கலாம். அப்படிக் கண்டால் கிட்டப் போகாமல் திணைக்களத்திடம் சொல்லுங்கள். வெறுமையான கம்பியைக் கண்டாலும் சொல்லுங்கள். இந்தக் கம்பிகள் நம் மலைகளில் எத்தனையோ சிறுத்தைகளைக் கொன்றிருக்கின்றன.

7. நகர்த்தியே ஆக வேண்டும் என்றால்

கானுக்குள் கிடக்கிறது, மழை வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். அல்லது கவ்வாத்து வெட்டி அந்த இடம் முழுக்க வெட்டவெளியாகிவிட்டது. இப்படி இருந்தால் மட்டுமே நகர்த்தல். அதையும் முடிந்தால் தொலைபேசியில் அதிகாரியின் சம்மதத்தோடு செய்யுங்கள். தூரம் சில மீற்றருக்குள் இருக்க வேண்டும். தாய் திரும்பி வரும் இடம் பழைய இடம்தான். அங்கிருந்து குட்டியின் குரலும் வாடையும் எட்டும் தூரத்தில் புது இடம் இருக்கட்டும்.

கூடையில் துணியை விரித்து, மற்றொரு துணியால் குட்டியை அடியிலிருந்து ஏந்தி வையுங்கள். கையுறை போடுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஏற்கமாட்டாள் என்று பரவலாக நம்பப்படுகிறது, அது சரியல்ல. கையுறை உங்கள் பாதுகாப்புக்காக. இந்த நம்பிக்கையால் வரும் பெரிய தீமை, ஏற்கெனவே யாரோ தொட்டுவிட்ட குட்டியை "இனித் தாய் சேர்க்கமாட்டாள்" என்று முடிவுகட்டி வீட்டுக்குக் கொண்டுபோவது. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டும்போது அகப்படும் துரும்பன் குட்டிகளை, மனிதர் கைபட்ட பிறகும், பெட்டியில் வைத்து அதே வயலில் விட்டுத் தாயோடு சேர்த்துவருகிறார்கள். ஏற்கெனவே லயத்துக்குப் போய்விட்ட குட்டியையும் அன்றே திருப்பிக் கொண்டுவந்து வைக்கலாம்.

கூடையை மூடக்கூடாது. தாய் உள்ளே வாய் விட்டுக் குட்டியின் கழுத்தைக் கவ்வி ஒவ்வொன்றாகத் தூக்கிப்போக வேண்டும். ஒரு சாண் ஆழம் எதற்கென்றால், தவழும் குட்டி வெளியே விழக்கூடாது, தாய்க்கும் எட்டாமல் போகக்கூடாது. அடர்ந்த செடிக்கடியில், மேட்டுப் பக்கமாக, சாயாமல் வையுங்கள். மழைக்கு மறைவாகப் படங்குச் சாக்கை விரித்துக் கட்டினால் அது காற்றில் படபடத்துத் தாயை விரட்டும். இலைச் செறிவுள்ள இடத்தைத் தேடுவதே மேல்.

8. சூடு கொடுங்கள், பால் கொடுக்காதீர்கள்

ஹற்றன், மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாள் முழுக்க ஈரம். நுவரெலியாவில் தை மாத இரவுகளில் சில சமயம் உறைபனியே விழும். கண் திறக்காத குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. கூடையில் வைத்த குட்டி குளிர்ந்திருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரைப் போத்தலில் நிரப்பித் துணியால் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு பக்கத்தில் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ளும். அடுப்படியில் வைப்பது, வெயிலில் போடுவது இரண்டும் வேண்டாம்.

பால் விடயத்தில்தான் நான் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பசும்பால், பால்மா, சோற்றுக் கஞ்சி எதுவும் வேண்டாம். பசும்பால் வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். எழுபது கிராம் உடலில் இருக்கும் நீர் அதைத் தாங்காது. துணியில் நனைத்தோ ஊசிக் குழலாலோ வாயில் விடும் பால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போய்விடலாம். குளிர்ந்து கிடக்கும் குட்டியால் விழுங்கவே இயலாது, அதன் குடலும் செரிக்காது. குடித்தது போலத் தெரிந்த குட்டி இரவில் சாவதற்கு இவையே காரணம்.

இன்னொன்றையும் சொல்கிறேன். இந்த வயதில் குட்டி தானாகச் சிறுநீர்கூடக் கழிக்காது. தாய் நக்கித் தூண்ட வேண்டும். பாலூட்டத் தெரிந்தால் வளர்த்துவிடலாம் என்ற எண்ணம் இதனாலேயே பிழை. லயத்திலுள்ள வீட்டுப் பூனைகளிடமிருந்து நோய் தொற்றும் அபாயமும் உண்டு. வைத்தியர் வரும்வரை சூடு, அமைதி, இருட்டு போதும்.

9. மாலை ஐந்து மணிக்குள் விலகிவிடுங்கள்

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். அதற்கு முன்பே ஒரு மணி நேரமாவது மலை அமைதியாக இருந்தால்தான் தாய் துணிந்து வருவாள். அந்த இரவு டோர்ச் அடித்துக்கொண்டு யாரும் போகக்கூடாது. "வந்துவிட்டதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று தம்பிமார் கிளம்புவார்கள். அந்த ஒரு எட்டு தாயை விடியும்வரை தள்ளி வைத்துவிடும். நாய்களைக் கட்டியே வையுங்கள்.

திணைக்களமோ ஆய்வாளர்களோ தானியங்கிக் கேமரா தந்தால், அதை மூன்று நான்கு மீற்றர் தள்ளி, முழங்காலுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் வையுங்கள். சிறுத்தைக்கு வைக்கும் உயரத்தில் கட்டினால் இவ்வளவு சிறிய பூனை சட்டகத்துக்குள்ளேயே வராது. கேமராவை மாலை மங்கும்போது கட்டப் போகாமல் நண்பகலிலேயே கட்டி முடியுங்கள்.

10. விடிந்ததும் ஒரே ஒரு பார்வை

பொறுப்பாளர் மட்டும், வேலை தொடங்கும் முன். கூடை வெறுமையாக, துணி சுத்தமாக இருந்தால் தாய் கொண்டுபோய்விட்டாள். சுற்றித் தேடாதீர்கள். அவள் புது இடத்தைத் தேர்ந்திருக்கிறாள், அங்கிருந்தும் விரட்டிவிடக்கூடாது. மூன்றில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தால், ஒவ்வொன்றாகத் தூக்கிப்போகும் வேலை பாதியில் நிற்கிறது என்று பொருள். அன்றைக்கும் மலையைக் காலியாக வைத்து அடுத்த இரவையும் கொடுங்கள்.

குட்டிகள் அங்கேயே இருந்து, வயிறு உருண்டு சூடாக இருந்தால் தாய் வந்து பாலூட்டியிருக்கிறாள். தொடாமல் திரும்புங்கள். வயிறு ஒட்டி, குளிர்ந்து கிடந்தால் இனிக் காத்திருக்கக்கூடாது. சூடு கொடுத்துக்கொண்டே திணைக்களத்தின் கால்நடை வைத்தியரிடம் சேர்ப்பதற்கான ஏற்பாட்டைக் கேளுங்கள். பகலில் வைத்தியர் பார்த்து, இரவில் மறுபடி அதே இடத்தில் வைத்துப் பார்ப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

11. கடித்தாலோ கீறினாலோ

குட்டிப் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். எந்தக் காட்டுப் பாலூட்டி கடித்தாலும் நீர்வெறுப்பு நோயை (ரேபிஸ்) மனத்தில் வைத்துத்தான் நடக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித் தூள் எதையும் அப்பாதீர்கள். தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிறுத்திவிடாமல், தடுப்பூசி தேவையா என்று அன்றே அரச வைத்தியசாலையில் காட்டுங்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு இதற்கு மருத்துவம் கைகொடுப்பதில்லை.

12. படங்களை என்ன செய்வது

அதிகாரிக்கு மட்டும் அனுப்புங்கள். முகநூலில் தோட்டத்தின் பெயரோடு போட்டால் மாலைக்குள் பார்க்க ஆள் வந்துவிடும், விலை கேட்கவும் ஆள் வரும். குட்டிகள் தாயோடு போன பிறகு, மலையின் எண்ணைச் சொல்லாமல் பகிரலாம்.

13. அடுத்த சுற்றும் கவ்வாத்தும்

கொழுந்துச் சுற்று ஏழு முதல் பத்து நாளில் மறுபடி அந்த நிரைக்கு வரும். அதற்குள் தாய் பெரும்பாலும் இடம் மாற்றியிருப்பாள். ஆனாலும் அந்தச் சுற்றில் அந்த நான்கைந்து நிரைகளைக் கடைசியாக எடுங்கள். அங்கே களைக்கு மருந்தடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

கவ்வாத்துதான் பெரிய சவால். கொழுந்து எடுப்பதில் மேலிலை மட்டும் போகிறது, கவ்வாத்தில் மறைவே மொத்தமாகப் போய்விடுகிறது. ஆண்டுகள் பல கடந்து வரும் வேலை என்பதால் அந்த மலை அதுவரை காட்டு விலங்குகளுக்குப் பழகிய வீடாகியிருக்கும். வெட்டத் தொடங்கும் முன் ஒருவர் நிரை நிரையாகக் குனிந்து தூர்களைப் பார்த்துக்கொண்டு போகட்டும். காட்டோரத்திலிருந்து தொடங்கிப் பாதைப் பக்கம் வெட்டிவந்தால் உள்ளேயிருப்பவை பாதைக்கு ஒதுங்கி மாட்டிக்கொள்ளும். பாதையிலிருந்து தொடங்கிக் காட்டை நோக்கி வெட்டுங்கள். வெட்டிப்போட்ட மிலாறு (கிளைக் குச்சி) குவியலை விறகுக்கு எடுக்கும்போதும் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள், அடியில் ஈன்றிருக்கலாம். குவியலுக்குத் தீ வைப்பதாக இருந்தால், முதலில் அதை முழுதாகப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.